பத்து லட்சம் குழந்தைகளில் எத்தனை பேர்?

பிரேசிலின் தெற்கே இருக்கிறது பரனா மாநிலம். அங்கே குழந்தை பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு குத்து குத்தி, வடிகட்டித் தாளில் சில சொட்டு ரத்தம் எடுப்பார்கள். தைராய்டு குறைபாடு போன்ற பிறவிக் கோளாறுகளைக் கண்டுபிடிக்க உலகின் பல நாடுகளில் செய்கிற அதே சோதனைதான். பரனாவில் அந்த ரத்தத்தில் இன்னொன்றையும் தேடிப் பார்த்தார்கள். டிபி53 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெற்றோர் சம்மதத்தோடு 1,71,649 குழந்தைகளைச் சோதித்தார்கள். 461 பேரிடம் அந்த மாற்றம் இருந்தது. ஏறக்குறைய 370 குழந்தைகளுக்கு ஒருவர். 2013-ல் இந்த முடிவு வெளியானபோது புற்றுநோய் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

காரணம் இருக்கிறது. செல்லில் டிஎன்ஏ பழுதானால் பிரிவதை நிறுத்தி, சரி செய்ய முடியாவிட்டால் அந்த செல்லையே அழித்துவிடும் புரதத்தை உண்டாக்குவது டிபி53. அதில் பிறவியிலேயே கோளாறு என்றால் வாழ்நாள் முழுக்கப் புற்றுநோய் ஆபத்து துரத்தும். லி-ஃப்ராமெனி நோய்க்குறி என்று இதற்குப் பெயர். மற்ற நாடுகளில் பல ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இது இருக்கும். தெற்கு பிரேசிலில் மட்டும் ஏன் இத்தனை பேர்?

அதற்கு முன், அந்த மாற்றம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இந்தப் புரதத்தின் நான்கு துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். நான்கு கால் கட்டிலைப் போல. 337-வது இடத்தில் அர்ஜினின் இருக்க வேண்டும். பிரேசில் மாற்றத்தில் அங்கே ஹிஸ்டிடின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. செல்லுக்குள் அமில-காரச் சமநிலை கொஞ்சம் மாறினாலே நான்கு துண்டுகளும் கழன்றுவிடும். எல்லா உறுப்பிலும் இது ஒரே அளவில் நடப்பதில்லை என்பதால், இந்தக் குழந்தைகளுக்கு வரும் கட்டிகளும் குறிப்பிட்ட சில இடங்களையே தேடிப்போகின்றன. முதலாவது, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி. 2001-ல் வெளியான ஆய்வில், அட்ரீனல் கட்டி வந்த 36 பிரேசில் குழந்தைகளில் 35 பேரிடம் இதே ஒற்றை எழுத்து மாற்றம் இருந்தது. மற்றொரு இடம் மூளை.

மூளையின் உள்ளறைகளில் நீர் சுரக்கும் மெல்லிய பின்னல் ஒன்று உண்டு, கோராய்டு பிளெக்ஸஸ். அதில் வரும் புற்றுநோய் மிகவும் அரிது. பெரும்பாலும் கைக்குழந்தைகளையும் தவழ்ந்து நடக்கப் பழகும் குழந்தைகளையும் தாக்குவது. நீர் தேங்கித் தலை பெருக்கும், உச்சிக்குழி புடைக்கும், குழந்தை ஓயாமல் வாந்தி எடுக்கும். தென்கிழக்கு பிரேசிலில் இந்தக் கட்டி வந்த குழந்தைகளைச் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அதே 337-வது மாற்றம் இருந்தது. 

இந்த மாற்றம் உள்ள பிரேசில் குடும்பங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாதவை. ஆனாலும் அந்த மரபணுவுக்கு முன்னும் பின்னும் உள்ள டிஎன்ஏ எல்லோரிடமும் ஒரே மாதிரி இருந்தது. அதாவது, எல்லோருக்கும் ஒரே ஒரு மூதாதை. ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து குடியேறிய ஒருவராக இருக்கலாம். ஆய்வாளர்கள் சொல்லும் ஊகம் ஒன்று என்னை விட்டுப் போகவே இல்லை. 18-ம் நூற்றாண்டில் தெற்கே ரியோ கிராண்ட் டோ சுல் பகுதியிலிருந்து சாவ் பாவ்லோவின் சொரோகாபா சந்தைக்குக் கோவேறு கழுதைகளை ஓட்டிச் சென்ற வணிகர்கள் இருந்தார்கள். 'ட்ரொபெய்ரோ' என்று பெயர். அவர்கள் இரவு தங்கிய இடங்கள்தான் லாப்பா, காஸ்ட்ரோ போன்ற ஊர்களாக வளர்ந்தன. இன்று இந்த மரபணு மாற்றம் அடர்த்தியாகத் தெரிகிற வரைபடத்தை அந்தப் பழைய வணிகப் பாதையின் மேல் வைத்துப் பார்த்தால் இரண்டும் பெரிதும் ஒத்துப்போகின்றன.

இதைத் தெரிந்துகொள்வதால் சிகிச்சையே மாறுகிறது. டிபி53 கோளாறு உள்ள குழந்தைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால், இருக்கிற கட்டி கரைந்தாலும் அதே இடத்தில் இன்னொரு புற்றுநோய் முளைக்கும் வாய்ப்பு மிகவும் அதிகம். ஆகவே முடிந்தவரை கதிர்வீச்சைத் தவிர்த்து, அறுவை சிகிச்சையையும் மருந்தையும் நம்பவே மருத்துவர்கள் முயல்கிறார்கள். பரனாவில் சோதனை செய்து, தொடர்ந்து கண்காணித்த குழந்தைகளில் சிலருக்கு அட்ரீனல் கட்டி மிகச் சிறியதாக இருக்கும்போதே பிடிபட்டது. ஒரு நோய் எந்த மக்களிடம் எத்தனை பேருக்கு வருகிறது என்ற கணக்கு, ஒரு குழந்தையின் கட்டிலருகே வந்து நின்று உதவிய இடம் இது.

ஆனால் இவ்வளவு தெளிவான கதை அபூர்வம். குழந்தைகளின் மூளைக் கட்டிகள் எந்த நாட்டில் அதிகம், எந்த நாட்டில் குறைவு என்ற பட்டியல்களைப் புரட்டும்போது கண்ணில் படும் ஏற்ற இறக்கங்களில், குழந்தையின் உடம்பு சொல்வது எவ்வளவு, ஸ்கேன் இயந்திரம் சொல்வது எவ்வளவு, கணக்கு எழுதியவர் கை சொல்வது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு வரியையும் நம்பிவிடக் கூடாது.

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். மூளையின் நடுவே பட்டாணி அளவில் இருக்கும் பீனியல் சுரப்பியை ஒட்டியும், பிட்யூட்டரிக்குச் சற்று மேலேயும் வளரும் ஒரு வகைக் கட்டி உண்டு. கருவாக இருக்கும்போது விந்தகத்துக்கோ கருவகத்துக்கோ போய்ச் சேர வேண்டிய முளைசெல்கள் வழிதவறி மூளையில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துக் கட்டியாவதுதான் இது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பதின்வயதுப் பையன்களிடம் அதிகம். கட்டி பீனியலில் என்றால் பையனால் கண்ணை மேலே தூக்கிப் பார்க்க முடியாது. பிட்யூட்டரி பக்கம் என்றால் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பான், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவான். சர்க்கரை நோயோ என்று ரத்தம் பார்த்தால் சர்க்கரை சரியாக இருக்கும்.

ஜப்பானின் மருத்துவ நூல்களில், குழந்தைகளின் மூளைக் கட்டிகளில் 8 முதல் 15 சதவீதம் இந்த முளைசெல் கட்டிகள் என்று எழுதியிருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது மூன்று, நான்கு சதவீதத்தைத் தாண்டாது. தைவானின் தைபேயில் ஒரு பெரிய மருத்துவமனை 1975 முதல் 2004 வரை பார்த்த 986 குழந்தைகளில் 14 சதவீதம் பேருக்கு இந்தக் கட்டி. கொரியாவிலும் இதே நிலை. எனவே 'கிழக்காசியர்களின் நோய்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு காலத்தில் பீனியல் பக்கம் கட்டி தெரிந்தால் திசுவை எடுத்துப் பார்க்காமலேயே சிறிய அளவு கதிர்வீச்சு கொடுத்துப் பார்ப்பார்கள். கட்டி சட்டென்று சுருங்கினால் அது ஜெர்மினோமா என்ற முளைசெல் கட்டி வகை. அங்கே இது அத்தனை சாதாரணம் என்பதால் எடுத்த துணிவு அது. நல்வாய்ப்பாக ஜெர்மினோமா கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும். முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள்.

2012-ல் ஜப்பானையும் அமெரிக்காவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இரு நாடுகளின் நான்கு பதிவேடுகளை ஒன்றாக வைத்து ஒப்பிட்டார்கள். நூறு கட்டிகளில் எத்தனை என்று பார்த்தால் ஜப்பானில் அதிகம்தான். மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு என்று பார்த்தபோது, இரு நாடுகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்தது. ஜப்பானில் கிளியோமா போன்ற மற்ற மூளைக் கட்டிகள் குறைவு. மொத்தம் குறையும்போது, மாறாமல் இருப்பதன் பங்கு தானாக உயர்ந்துவிடும். இதைப் படித்துவிட்டு, பல பத்தாண்டுகளாகப் பாடநூல்கள் சொன்னது பொய் என்று முடிவுகட்டவும் முடியாது. ஏனென்றால் அமெரிக்கப் பதிவேடுகளிலேயே ஆசிய, பசிபிக் வம்சாவளியினரிடம் இந்தக் கட்டி வெள்ளையரைவிட அதிகம் பதிவாகியிருக்கிறது. 2022-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நோயாளிகளின் மரபணுத் தொகுப்பை அலசி, செல்களை அழியச் செய்யும் பிஏகே1 மரபணுவின் பக்கத்தில் ஆபத்தைக் கூட்டும் ஒரு சிறு வேறுபாட்டைக் கண்டார்கள். உண்மையான வித்தியாசம் கொஞ்சம் இருக்கிறது; வகுத்த விதத்தால் அது பல மடங்கு பெரிதாகத் தெரிந்தது. இன்று கையில் உள்ள ஆதாரங்களை வைத்து நான் எடுக்கும் முடிவு இதுதான்.

வம்சாவளியின் மேல் பழியைப் போட அவசரப்படக் கூடாது என்பதற்கு இஸ்ரேலில் ஒரு கொடுமையான சாட்சி இருக்கிறது. 1948 முதல் 1960 வரை அங்கே வந்து குடியேறிய குழந்தைகளுக்குத் தலையில் படர்தாமரை இருந்தால், முடி உதிர வைத்துக் குணப்படுத்த எக்ஸ்ரே கதிரைத் தலையில் பாய்ச்சினார்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் அதில் பெரும்பான்மை. பாரூக் மோடான், எலைன் ரான் முதலியோர் அப்படிக் கதிர் பட்ட சுமார் 10,800 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டி மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்பதரை மடங்கும், கிளியோமா இரண்டரை மடங்கும் அதிகமாக வந்திருந்தது. அவர்களில் பலருக்குப் பெரியவர்களான பிறகே கட்டி தெரிந்தது. மொராக்கோவிலிருந்து வந்தவர்களுக்கு மூளைக் கட்டி அதிகம் என்று மட்டும் ஒருவர் எழுதி வைத்திருந்தால், அரசு செய்த தவறு அந்த மக்களின் ரத்தத்தின் மேல் போய் விழுந்திருக்கும். 1994-ல் அவர்களுக்கு இழப்பீடு கொடுக்க அங்கே தனிச் சட்டமே வந்தது.

இயந்திரத்துக்கு வருவோம். அமெரிக்காவில் குழந்தைகளின் மூளைப் புற்றுநோய் 1980-களின் நடுவில் திடீரென்று கூடியது. செல்போன் பரவலாவதற்கு முந்தைய காலம் அது. பூச்சிக்கொல்லியா, மின்கம்பியா என்று பெற்றோர்கள் பதறினார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1998-ல் எண்களை ஆண்டுவாரியாக வரைந்து பார்த்தார்கள். சுற்றுச்சூழலில் ஒரு நச்சுப் பொருள் பரவியிருந்தால் கோடு மெல்ல மெல்ல ஏறியிருக்கும். ஆனால் 1984-85-ல் அது ஒரே படியாக ஏறி, அதன் பிறகு அந்த உயரத்திலேயே சமமாக ஓடியது. எம்ஆர்ஐ ஸ்கேன் அமெரிக்க மருத்துவமனைகளில் புழக்கத்துக்கு வந்தது அப்போதுதான். மூளைத் தண்டில் ஒளிந்திருந்த கட்டிகளும், மெல்ல வளரும் சிறு கட்டிகளும் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அதற்கு முன்பும் அந்தக் குழந்தைகள் இருந்தார்கள். அவர்களின் நோய்க்கு வேறு பெயர் எழுதப்பட்டிருந்தது.

நுண்ணோக்கியின் கீழ் வைக்கப்படும் பெயரும் அப்படித்தான். இரண்டு, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாக்கும் ஏடிஆர்டி என்ற மிகக் கொடிய கட்டியை, 1996-ல் ஃபிலடெல்ஃபியாவின் லூசி ரோர்க்கும் அவருடைய சகாக்களும் விரிவாக வரையறுத்து எழுதும்வரை பலர் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற வேறொரு மூளைக் கட்டி என்றே நினைத்தார்கள். ஐஎன்ஐ1 என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால் குழப்பமே இல்லை: கட்டியின் செல்களில் சாயம் ஏறாது. அந்த ஒரு சாயம் இல்லாத ஆய்வகத்தின் ஊரில், பதிவேட்டின்படி ஏடிஆர்டி வருவதே இல்லை. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பிஎன்இடி என்ற பெயரில் பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு நோய் எழுதினார்கள். 2016-ல் அந்தக் கட்டிகளின் டிஎன்ஏ குறிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும் பகுதி ஏற்கெனவே தெரிந்த வேறு கட்டிகள் என்றும், மீதியில் சில இதுவரை பெயரே இல்லாதவை என்றும் தெரிந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலிருந்து அந்தப் பெயரே நீங்கியது. 1995-ன் அட்டவணையையும் 2020-ன் அட்டவணையையும் பக்கத்தில் வைத்து 'இது கூடியது, அது குறைந்தது' என்று சொல்பவர் முதலில் இதைச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.

இப்போது நம் பக்கம். அமெரிக்காவில் 20 வயதுக்கு உட்பட்டவர்களிடம், சாதுவான கட்டிகளையும் சேர்த்தால், ஆண்டுக்கு லட்சத்துக்கு ஆறு பேர் அளவில் மூளை, தண்டுவடக் கட்டிகள் பதிவாகின்றன. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளின் பதிவேடுகளில் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. இந்தியப் பதிவேடுகளும் மேற்கத்திய நாடுகளைவிடக் குறைவாகவே காட்டுகின்றன. நம் குழந்தைகளுக்கு இது குறைவு என்று ஆறுதல் கொள்ளலாமா?

கூடாது. இதற்கு விழித்திரைப் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமாவை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். உலகில் எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அது வருகிறது. ஏழை நாடுகளிலும் பதிவேடுகளில் குறையாமல் ஏறுகிறது. ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிற நோய். குழந்தையின் கருவிழி பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னுவதைத் தாய் பார்த்துவிடுகிறாள். மண்டைக்குள் வளரும் கட்டியை எந்தத் தாயாலும் பார்க்க முடியாது. காலையில் எழுந்ததும் தலைவலி, வெறும் வயிற்றில் வாந்தி. வாந்தி எடுத்ததும் கொஞ்சம் தேவலாம் என்று பள்ளிக்கூடம் போய்விடும் பிள்ளை. முதலில் பித்தம் என்பார்கள். பிறகு பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறான் என்பார்கள். அப்புறம் வயிற்றுக்கு மாத்திரை, கண்ணுக்குப் பவர் கண்ணாடி, யாராவது ஒருவர் சொல்லி மந்திரித்துக் கயிறு. நடை தடுமாறி, ஒரு கண் உள்பக்கமாகத் திரும்பிய பிறகு யாரோ ஒரு மருத்துவர் ஸ்கேன் எழுதுகிறார். எழுதும் மருத்துவர் கிடைக்காத குழந்தைக்கு மரணச் சான்றிதழில் வலிப்பு என்றோ மூளைக் காய்ச்சல் என்றோ இருக்கும்.

2019-ல் வெளியான ஓர் ஆய்வு, 2015-ல் உலகம் முழுக்கப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சுமார் 3,97,000 பேர் என்று கணித்தது. அதில் மருத்துவர்கள் கண்டுபிடித்தது 2,24,000 மட்டும். மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கண்டுபிடிக்காமல் விடுபட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்; தெற்காசியாவில் 49 பேர். நம்மில் பாதிப் பிள்ளைகள். எல்லாப் புற்றுநோய்களுக்குமான சராசரி இது. ஸ்கேன் இல்லாமல் கண்டுபிடிக்கவே முடியாத மூளைக் கட்டியில் நிலைமை இதைவிட மேலாக இருக்க வழியில்லை.

சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்தும் மக்கள்தொகைப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. மருத்துவமனைகள் தகவல் அனுப்பட்டும் என்று காத்திருக்காமல், பதிவேட்டுப் பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் நோயாளிக் கோப்புகளைப் புரட்டுகிறார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் பார்க்கிறார்கள். அந்தப் பதிவேட்டை வைத்து ஆர். சுவாமிநாதன், ஆர். ரமா, வி. சாந்தா ஆகியோர் எழுதிய கட்டுரை ஒன்றில், 1990 முதல் 2001 வரை சென்னையில் 15 வயதுக்கு உட்பட்டவர்களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் ஆண் பிள்ளைகளுக்கு 127 பேர், பத்து லட்சம் பெண் பிள்ளைகளுக்கு 88 பேர் என்ற வீதத்தில் எல்லாப் புற்றுநோய்களும் பதிவாகியிருந்தன. ஆண் பிள்ளைகளுக்குச் சில புற்றுநோய்கள் இயற்கையிலேயே சற்று அதிகம்தான். ஆனால் வசதியான நாடுகளில் இவ்வளவு பெரிய இடைவெளி கிடையாது. பெண் பிள்ளைக்குத் தலைவலி என்றால் இன்னும் நான்கு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிட்ட வீடுகளும் அந்த 88-க்குப் பின்னால் இருக்கின்றன என்றுதான் அதை நான் படிக்கிறேன்.

பதிவேட்டைவிட மருத்துவமனைப் பட்டியல்கள் இன்னும் ஏமாற்றும். இந்தியாவின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் திசுப் பரிசோதனை செய்த 3,936 குழந்தைகளின் மூளைக் கட்டிகளை 2011-ல் தொகுத்தார்கள். ஆஸ்ட்ரோசைட்டோமா வகை 34.7 சதவீதம், மெடுல்லோபிளாஸ்டோமாவும் அன்று பிஎன்இடி என்று அழைத்தவையும் 22.4, கிரேனியோஃபாரிஞ்சியோமா 10.2; எபென்டைமோமா வகை 9.8. அமெரிக்காவில் கிரேனியோஃபாரிஞ்சியோமா நான்கு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அப்படியானால் நம் குழந்தைகளுக்கு அது இரண்டரை மடங்கா? அப்படிச் சொல்ல முடியாது. பார்வையை மங்கச் செய்து, மெதுவாக வளரும் இந்தக் கட்டியோடு ஒரு குழந்தை தூரத்து ஊரிலிருந்து பெரிய மருத்துவமனை வரை வந்து சேர நேரம் இருக்கிறது. டிஐபிஜி என்ற மூளைத் தண்டுக் கட்டியோ, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு வந்து, சிகிச்சை கொடுத்தாலும் பெரும்பாலும் ஓராண்டுக்குள் உயிரைப் பறித்துவிடும். எம்ஆர்ஐ படத்தைப் பார்த்தே முடிவு செய்து, திசு எடுப்பதை நெடுங்காலம் தவிர்த்தார்கள். திசுவை மட்டும் எண்ணும் பட்டியலில் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு இடமே கிடையாது. அவர்களை விட்டுவிட்டு வகுத்தால் மற்றவற்றின் பங்கு உயரத்தானே செய்யும்?

சீக்கிரம் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்றால், பிரிட்டனின் அனுபவம் நம்பிக்கை தருகிறது. முதல் அறிகுறியிலிருந்து நோய் உறுதியாக அங்கே 2006 வாக்கில் 14.4 வாரங்கள் ஆயின. 2011-ல் 'ஹெட்ஸ்மார்ட்' என்ற இயக்கம் தொடங்கி, அறிகுறிகளை அச்சிட்ட சிறு அட்டைகளைப் பெற்றோருக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் கொடுத்தார்கள். 2013-ல் அது 6.7 வாரமாகச் சுருங்கியது. இதற்குப் புது இயந்திரமோ புது மருந்தோ தேவைப்படவில்லை. விடாத தலைவலி, விடாத வாந்தி, தள்ளாட்டம், மாறுகண், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது, வளர்ச்சி நின்றுபோவது, குணம் மாறுவது: இவற்றில் எது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும், இரண்டு சேர்ந்து வந்தால் உடனே காட்ட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவரில் தமிழில் இதை ஒட்டி வைக்க என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

உண்மையிலேயே நம் மண்ணில் அதிகம் இருக்கக்கூடிய ஓர் அரிய நோயும் உண்டு. அதை நம் ஆட்களே தேட வேண்டும். டிஎன்ஏ நகலெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்த நான்கு முக்கிய மரபணுக்கள் இருக்கின்றன: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. இதில் ஒன்றின் ஒரு பிரதி பழுதானால், நடுவயதில் குடல் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாகிப் பிறக்கும் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே மூளையில் கொடிய கிளியோமா, ரத்தப் புற்றுநோய், குடல் புற்றுநோய் என்று வரிசையாக வரலாம். சிஎம்எம்ஆர்டி என்பது சுருக்கப் பெயர். அப்பா அம்மா இருவரும் ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே பிழையைப் பெற்றிருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. உலகம் முழுக்க இந்த நோயைத் தொகுக்கும் டொரான்டோ ஆய்வுக் குழுவின் பட்டியலில் மத்திய கிழக்கு, தெற்காசியக் குடும்பங்கள் நிறைய இருப்பதற்குக் காரணம் சொந்தத்தில் கல்யாணம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் ரத்த உறவில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். நாட்டின் சராசரி 11.

மாமன் மகளைக் கட்டியவர்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அப்படிக் கட்டிய குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்த நோய் எட்டிக்கூடப் பார்க்காது. ஒரே மரபணுவில் கோளாறு என்றாலும் எல்லாம் ஒரே அளவு கொடியவையும் அல்ல. கனடாவின் வடக்கு கியூபெக்கில் நுனாவிக் பகுதி இன்யூயிட் மக்களில் ஏறக்குறைய 15 பேருக்கு ஒருவர் பிஎம்எஸ்2 மரபணுவில் ஒரு பழைய பொதுப் பிழையைச் சுமக்கிறார். ஆனால் அந்தக் குறிப்பிட்ட பிழையில் புரதம் கொஞ்சம் மிச்சம் உண்டாவதால், இரண்டு பிரதியும் பழுதானவர்களுக்குக்கூட நோய் சற்றுத் தாமதமாகவே வருகிறது.

பயத்தைவிடப் பரிசோதனைதான் இங்கே முக்கியம். கொடிய கிளியோமாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெமோசோலமைடு மாத்திரை, வேலை செய்ய இந்தத் திருத்தும் மரபணுக்களையே நம்பியிருக்கிறது. அவை இல்லாத கட்டியில் அதனால் பலன் கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம், பிழைகள் குவிந்து கிடப்பதாலேயே இந்தக் கட்டியை உடலின் நோய் எதிர்ப்புப் படை எளிதில் அடையாளம் காணும். மீண்டும் மீண்டும் கட்டி வளர்ந்த இரண்டு உடன்பிறப்புகளுக்கு டொரான்டோ மருத்துவர்கள் அந்தப் படையைத் தூண்டிவிடும் நிவோலுமாப் மருந்தைக் கொடுத்ததையும் கட்டி சுருங்கியதையும் 2016-ல் எழுதினார்கள். விலை மிக அதிகமான மருந்து அது. ஆனால் யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்கும் சோதனை அப்படியில்லை. குடல் புற்றுநோய்க்காக அந்த நான்கு புரதங்களுக்கும் சாயம் ஏற்றிப் பார்ப்பது நம் ஊர்ப் பெரிய ஆய்வகங்களில் அன்றாடம் நடப்பது. மூளைக் கட்டியின் அதே கண்ணாடித் தகட்டில், கட்டியை விட்டுப் பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாயின் சுவரைப் பார்க்க வேண்டும். சாதாரணமாக அந்தச் செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும். அங்கேயும் நிறமே ஏறாமல் வெறிச்சென்று இருந்தால், கோளாறு கட்டியில் மட்டும் இல்லை, குழந்தையின் உடம்பு முழுக்க இருக்கிறது.

அப்படி ஒரு குழந்தை தெரிந்துவிட்டால், அடுத்து கேட்க வேண்டியது அதன் அண்ணனையும் தங்கையையும் பற்றி. தோலில் பால் கலந்த காபி நிறத்தில் திட்டுகள் இருக்கின்றனவா, அப்பா அம்மா இருவர் வழியிலும் யாருக்காவது ஐம்பது வயதுக்கு முன் குடலில் புற்றுநோய் வந்ததா என்று விசாரித்து, ரத்தத்தில் மரபணுவைப் பார்க்க வேண்டும். அதே கோளாறு இருக்கும் பிள்ளைக்கு நோய் ஒன்றும் தெரியாத நாளிலிருந்தே ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூளை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறது டொரான்டோ குழு. அப்படிக் கண்காணித்த பிள்ளைகள் அதிக நாள் வாழ்வதை அவர்கள் 2021-ல் காட்டியிருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு குழந்தைக்குக் கொடிய கிளியோமா என்று அறிக்கை வரும்போது, அம்மா அப்பா சொந்தமா என்ற கேள்வியைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே சேர்ப்பதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.